பதினான்காம் வரி

பீல் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில்
ஐந்து கட்டடம், நாற்பத்தொரு வைஃபை பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல்.
ஒவ்வொன்றும் அடம்பிடித்தால் ஒரு ஏணி.

வியாழன் காலைக்குள் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும்:
எல்லாவற்றையும் ஒரு கன்ட்ரோலரின் கீழ் கொண்டுவருவதா,
பாட்டிலே விடுவதா.

நூலகத்துப் பெட்டிகள் மூன்றும்
ஒரே சானலில் நின்று
மீன்சந்தைபோல் கத்துகின்றன.
ஒன்றின் குரலை மற்றது தின்ன,
கீழே படிப்பவனுக்கு வந்துசேர்வது
சுழலும் வட்டம் மட்டும்.
அங்கிருந்து உணவகத்துக்கு எண்பது எட்டு.
அதற்குள், தாயோடு கதைத்தபடி நடக்கும் பிள்ளை
மூன்று முறை அறுந்து
மூன்று முறை 'ஹலோ' சொல்கிறாள்.
பிடித்த பெட்டி கையை விடாது,
அடுத்த பெட்டிக்கு அவளைத் தெரியாது.

போன இலையுதிர்காலத்தில்
பாதுகாப்பில் ஓட்டை என்று செய்தி வந்தது.
இரண்டு நாள், நாற்பது ஏணி ஏற்றம்.
நாற்பது. எண்ணிக்கையைக் கவனியுங்கள்.
கொதிகலன் அறையில் ஒன்று
ஏப்ரல்வரை திறந்த கதவாகவே கிடந்தது.
அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

'மையம்தான், தவே. ஒரு திரை, ஒரு சொடுக்கு'
என்கிறான் கூர்தீன்.
தெருவிளக்கு எத்தனை மணிக்கு அணையவேண்டும் என்பதைக்கூடக்
கைதூக்கி முடிவெடுக்கும்
மலைக்கிராமத்தில் பிறந்தவன்.
முரியெல் கணக்குப்பிள்ளை. பிரெஞ்சில் பெருமூச்சு விடுகிறாள்:
ஆண்டுதோறும் உரிமக்கட்டணம்,
கட்டாத ஆண்டில் கூரையில் நாற்பத்தொரு வெள்ளைத் தட்டு,
சாப்பிடக்கூட உதவாது.

மையம் என்ற சொல் காதில் விழுந்தால்
என் தோள் தானாக இறுகும்.
சமஷ்டி கேட்ட கூட்டங்களுக்கெல்லாம்
அப்பா சைக்கிளில் போனாராம்.
கேட்டது கிடைக்கவில்லை.
கிடைத்தது
அதை வைத்திருக்கும் நாட்டில் ஒரு வதிவிட அட்டை.
சரி, தவேந்திரா,
இது பெட்டிகளைப் பற்றிய பக்கம்.

பெப்ரவரியில் பரீட்சார்த்தமாக
பதினொரு பெட்டிகளை ஒரு தலைமைக்குக் கட்டிப் பார்த்தோம்.
நல்ல பிள்ளைகள். சானலைப் பங்கிட்டுக்கொண்டன,
நடப்பவரைக் கைமாற்றிவிட்டன,
உணவகம்வரை ஒரே 'ஹலோ'.
மூன்றாம் கிழமை அதிகாலை மூன்று மணிக்கு
தலைமைக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது, பாதியில் நின்றது.
பதினொன்றும்
ஒரே மூச்சில் செம்மஞ்சளாகிப் போயின.
பழுதில்லை ஒன்றிலும்.
யாரைக் கேட்டுப் பேசுவது என்று தெரியாமல் பேசாமல் இருந்தன.

பரீட்சையில் சேராதது மரவேலைக்கூடத்துப் பெட்டி.
ஏழு வருஷமாய் மரத்தூளை இழுத்து வாழ்வது,
மழைநாளில் இருமுவதுபோல் விட்டுவிட்டு வேலைசெய்வது.
அன்று எட்டு மணிக்கு
பலகைகளுக்கும் வாள்களுக்கும் நடுவே
மடிக்கணினியோடு முப்பது பேர் குந்தியிருந்தார்கள்.
ஆசிரியர் ஒருவர் தச்சுமேசையில் நின்று
வகுப்பையே நடத்தினார்.

எழுதிவிட்டேன். மையம் என்றுதான் எழுதினேன்.
நாற்பத்தொன்றையும் ஒருவன் நினைவில் வைத்திருப்பது
சுதந்திரம் அல்ல, மறதிக்கு வாடகைக்கு விட்ட வீடு.
ஆனால் அமைப்புத் தாளை
கடைசிவரை வாசித்தேன்,
கூர்தீன் வாசிக்கமாட்டான்.
பதினான்காம் வரி:
தலைமையோடு தொடர்பு அறுந்தால்
பெட்டி தானாக இயங்கலாமா?
விற்றவர்கள் முன்கூட்டியே இட்டிருந்த விடை,
இல்லை.

அதை மாற்ற ஒரு சொடுக்குப் போதுமாக இருந்தது.
ஏன் என்று கேட்கும் இடத்தில்
'பெப்ரவரி' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு
மரவேலைக்கூடத்துக்குப் போனேன்.
வெளியே ஏரிப்பக்கமிருந்து மூடுபனி.
நாளை இறக்கப்போகிற பெட்டியின் முதுகை
ஏனோ துடைத்துவிட்டேன்.
பச்சை விளக்கு,
யாரையும் கேளாமல்
எரிந்துகொண்டிருந்தது.